ஸ்மோக் அலாரம் சும்மா கத்துவதும் கத்த வேண்டியபோது ஊமையாவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு ஸ்மோக் அலாரம் பற்றி வரும் கேள்விகளைப் பிரித்துப் பார்த்தால் இரண்டே ரகம்தான். ஒன்று, "புகையே இல்லாமல் ஏன் கத்துகிறது?" இன்னொன்று, "நிஜமாகவே தீப்பிடித்தால் கத்துமா?" முதல் கேள்விக்கு விடை தேடப் பொறுமை இல்லாதவர்கள் பேட்டரியைப் பிடுங்கி டிராயரில் போட்டுவிடுகிறார்கள். அத்தோடு இரண்டாவது கேள்விக்கும் விடை கிடைத்துவிடுகிறது: கத்தாது. அமெரிக்கத் தீப்பாதுகாப்பு அமைப்பான என்.எஃப்.பி.ஏ.வின் கணக்கும் இதைத்தான் காட்டுகிறது. அங்கே வீட்டுத் தீவிபத்துகளில் இறப்பவர்களில் ஐந்தில் மூன்று பேர், அலாரமே இல்லாத அல்லது இருந்தும் வேலை செய்யாத வீடுகளில் இறக்கிறார்கள். வேலை செய்யாமல் போனதற்குப் பெரும்பாலும் காரணம் பேட்டரிதான்: கழற்றப்பட்டிருக்கும், இல்லையென்றால் தீர்ந்துபோயிருக்கும்.

ஆகவே ஏணியை எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் நின்று, அது எந்த மாதிரிச் சத்தம் என்று காது கொடுத்துக் கேளுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே பிடிபட்டுவிடும்.

நிமிடத்துக்கு ஒரு தடவை "கீச்" என்று ஒரே ஒரு சத்தம். புகை எதுவும் இல்லை. என்ன கோளாறு?

பெரும்பாலும் பேட்டரி தீரப்போகிறது என்று அர்த்தம். 30 முதல் 60 விநாடிக்கு ஒரு தடவை ஒற்றைக் கீச் என்றால் அது தீ எச்சரிக்கை அல்ல, அலாரம் தன் நிலைமையைச் சொல்கிறது. தீ எச்சரிக்கை வேறு மாதிரி இருக்கும்: மூன்று பீப், சின்ன இடைவெளி, மறுபடி மூன்று பீப். கார்பன் மோனாக்சைடையும் சேர்த்துக் கண்டுபிடிக்கும் கருவி என்றால், அந்த வாயுவுக்கு நான்கு பீப், இடைவெளி, நான்கு பீப். மூன்றா நான்கா என்று எண்ணிப் பார்ப்பது முக்கியம். ஏன் என்று கீழே வருகிறது.

ஆயுள் முடிந்துவிட்டது என்பதைச் சொல்லவும் சில மாடல்கள் கீச்சிடும். ஒற்றைக் கீச்சா இரட்டைக் கீச்சா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கருவியின் பின்பக்க ஸ்டிக்கரில் சின்ன எழுத்தில் ஒரு அட்டவணை இருக்கும். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள், கழுத்துவலி மிச்சம்.

எந்த அலாரம் கீச்சிடுகிறது என்று கண்டுபிடிப்பதே சில வீடுகளில் பெரிய வேலையாகிவிடும். அது ஏறக்குறைய 3,000 ஹெர்ட்ஸில் ஒரு கணம் மட்டும் வந்து மறையும் ஒலி. எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது பிரித்தறியச் சிரமப்படும். ஒவ்வொன்றின் அடியிலும் போய் நின்று, அடுத்த கீச் வரும்வரை காத்திருப்பதுதான் வழி. எல்லாவற்றையும் பார்த்தும் பிடிபடவில்லையா? பழைய அலாரம் ஏதாவது அலமாரியிலோ பரணிலோ கிடக்கிறதா என்று தேடுங்கள். கழற்றி வைத்ததை மறந்தே போயிருப்போம், அது பெட்டிக்குள்ளிருந்து கீச்சிட்டுக்கொண்டிருக்கும்.

சரியாக நடுராத்திரியில்தான் இது ஆரம்பிக்கிறது. ஏன்?

குளிர்தான் காரணம். வெப்பநிலை இறங்கினால் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகி, உள்மின்தடை கூடும். அது தரும் மின்னழுத்தம் குறையும். தீரும் நிலையில் இருக்கும் பேட்டரி பகலில் வரம்புக்கு ஒரு இழை மேலே நிற்கும். விடியற்காலைக் குளிரில் அந்த இழையும் அறுந்து கீச் ஆரம்பிக்கும். வெயில் ஏறியதும் தானாக நின்றுவிடும். "சரியாகிவிட்டது" என்று நாமும் விட்டுவிடுவோம். சரியாகவில்லை. அடுத்த இரவும் எழுப்பும், இல்லையென்றால் சத்தம் போடக்கூடத் தெம்பில்லாமல் ஒருநாள் அடங்கிப்போகும்.

புதுப் பேட்டரி போட்டும் கீச் நிற்கவில்லையே?

இதற்குத்தான் அதிகம் பேர் பொறுமை இழக்கிறார்கள். வரிசையாகப் பாருங்கள்.

முதலில், பேட்டரி சரியாக உட்கார்ந்திருக்கிறதா? 9 வோல்ட் பேட்டரியின் இரண்டு முனைகளும் கிளிப்பில் 'டக்' என்று பதிய வேண்டும். மூடி சாத்தியதுபோல் தோன்றும், ஆனால் ஒரு ஓரம் மயிரிழை தூக்கி நிற்கும். அதுவே போதும். பல மாடல்களில் பேட்டரி இல்லாமல் மூடியைச் சாத்த முடியாதபடி ஒரு சின்ன நெம்புகோல் வைத்திருப்பார்கள். பேட்டரியால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டேதான் உள்ளே தள்ள வேண்டும். தொடுமுனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் உலர்ந்த துணியால் தேய்த்துத் துடையுங்கள்.

அடுத்து, புதுப் பேட்டரி நிஜமாகவே புதுசா? கடையில் பல வருடம் கிடந்ததாகவும் இருக்கலாம். அதன்மேல் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். அலாரத்தின் ஸ்டிக்கரில் எந்த ரகம் போடலாம் என்று எழுதியிருக்கும். ஆல்கலைன் என்று போட்டிருந்தால் மலிவான கார்பன்-ஜிங்க் பேட்டரி நாளாக நாளாகத் தொல்லை கொடுக்கும்.

அதற்கும் அடங்கவில்லை என்றால் மிச்ச மின்னேற்றத்தை வடித்துவிடுங்கள். அலாரத்தின் உள்ளே சின்னக் கெபாசிட்டர் இருக்கிறது. பழைய பேட்டரியின் "குறைவு" நிலை அதில் தங்கி, பேட்டரி மாற்றிய பிறகும் கீச் தொடரலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு டெஸ்ட் பட்டனை 15 முதல் 20 விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஒரு பீப் வந்து தேய்ந்து அடங்கலாம், ஒன்றும் வராமலும் இருக்கலாம். அப்புறம் பேட்டரியைப் போட்டு ஒருமுறை டெஸ்ட் பண்ணுங்கள்.

இவ்வளவும் செய்து கீச் நிற்கவில்லை என்றால் பின்பக்கத்தைத் திருப்பி, தயாரித்த தேதியைப் பாருங்கள். 10 வருடம் தாண்டியிருந்தால் இனி அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். புதுசு வாங்குங்கள்.

என் அலாரம் வீட்டு மின்சாரத்தில் ஓடுகிறது. அதற்கு எதற்குப் பேட்டரி?

கரண்ட் போனாலும் வேலை செய்ய வேண்டும் அல்லவா? தீயே மின்கோளாறால் பிடித்திருந்தால் முதலில் போவது கரண்ட்தான். ஆகவே இந்த ரகத்திலும் பேட்டரி உண்டு, அதுவும் தீரும், அதற்கும் கீச் வரும். பச்சை விளக்கு தொடர்ந்து எரிந்தால் பொதுவாக மின்இணைப்பு சரி என்று பொருள். எரியவில்லையா? பிரேக்கர் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கருவியின் பின்னால் செருகும் பிளக் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கருவியைக் கழற்றுவதற்கு முன் பிரேக்கரை அணையுங்கள். பிளக்கைத் தாண்டி ஒயரைத் தொட வேண்டிய வேலை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சமைக்கும்போதெல்லாம் கத்துகிறது. அலாரம் கெட்டுப்போயிற்றா?

இல்லை, ஒருவகையில் மிக நன்றாக வேலை செய்கிறது. இந்தக் கருவிக்குப் புகை என்றால் என்னவென்று தெரியாது. தனக்குள் நுண்துகள் நுழைந்தது என்பது மட்டும்தான் தெரியும்.

எப்படி என்று பார்த்துவிடலாம், பிறகு மற்ற பதில்கள் எல்லாம் எளிதாகப் புரியும். வீட்டு அலாரங்களில் இரண்டு முக்கிய ரகம். அயனி ரகத்தில் இரண்டு சின்னத் தகடுகளுக்கு நடுவே அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் காற்றை அயனியாக்கிக்கொண்டே இருக்கும். அதனால் மெல்லிய மின்னோட்டம் ஒன்று ஓடும். துகள்கள் புகுந்து அயனிகளோடு ஒட்டிக்கொண்டால் அந்த ஓட்டம் குறையும், அலாரம் அடிக்கும். ஒளிமின் ரகத்தில் இருட்டறை ஒன்றுக்குள் ஒரு எல்.இ.டி. ஒளி நேராகப் போகும். சென்சார் அந்தப் பாதையிலிருந்து விலகி ஒரு கோணத்தில் இருக்கும். சாதாரணமாக அதன்மேல் வெளிச்சம் படாது. துகள்கள் நுழைந்தால் ஒளி சிதறிச் சென்சார்மேல் விழும், அலாரம் அடிக்கும்.

அயனி ரகம் பிறந்த கதையே விபத்துதான். 1930களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்தின் இயற்பியலாளர் வால்டர் யேகர் விஷவாயுவைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைச் செய்ய முயன்றார். வாயுவை விட்டுப் பார்த்தும் மின்மானியில் அசைவே இல்லை. அலுத்துப்போய் அவர் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தபோது முள் நகர்ந்தது. அன்றைக்கு அது சிகரெட் புகைக்கு ஆடியது. இன்றைக்கு உங்கள் அடுப்பில் காய்ந்த எண்ணெய்க்கு ஆடுகிறது.

கொழுந்துவிட்டு எரியும் தீயின் மிகச் சிறிய துகள்களை அயனி ரகம் சீக்கிரம் பிடிக்கும். சோபா, மெத்தை போன்றவை நீண்ட நேரம் கனன்று விடும் அடர்ந்த புகையை ஒளிமின் ரகம் சீக்கிரம் பிடிக்கும். வாணலியிலிருந்து கிளம்புவது பெரும்பாலும் மிகச் சிறிய துகள்கள் என்பதால் அயனி ரகம்தான் சமையலின்போது அதிகம் தொல்லை கொடுக்கும்.

தீர்வு, முதலில் இடத்தை மாற்றுவது. அடுப்பிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி மாட்டுங்கள். 3 முதல் 6 மீட்டருக்குள்தான் இடம் கிடைக்கிறது என்றால் அங்கே ஒளிமின் ரகமோ, ஹஷ் பட்டன் உள்ளதோ மாட்டுவது நல்லது. ஹஷ் பட்டனை அழுத்தினால் ஏறக்குறைய 8 முதல் 10 நிமிடம் கருவியின் உணர்திறன் குறையும், பிறகு தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். புகை நிஜமாகவே அடர்த்தியானால் அந்த நேரத்திலும் கத்தும். பேட்டரியைப் பிடுங்குவதற்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்: மறுபடி போட மறந்துவிட்டோமே என்ற பேச்சுக்கே இடமில்லை.

புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்கத் தரமான யு.எல். 217-இன் எட்டாம் பதிப்பில், சமையல் புகைக்கு அவசரப்பட்டு அடிக்காமல் இருக்க வேண்டும் என்று ஒரு சோதனையைச் சேர்த்திருக்கிறார்கள். அதற்காக ஆய்வுக்கூடத்தில் ஹாம்பர்கரை வாட்டிப் பார்க்கிறார்கள்! அதே பதிப்பில் பாலியூரித்தேன் ஃபோம் எரியும் சோதனையும் உண்டு, ஏனென்றால் இன்றைய சோபா, மெத்தைகளில் இருப்பது அதுதான்.

குளித்துவிட்டுக் கதவைத் திறந்தால் அடிக்கிறது.

நீராவியும் துகள்தான். குளியலறைக் கதவிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி மாட்டுங்கள். ஏசி காற்று நேராக வீசும் இடமும், சீலிங் ஃபேன் இறக்கைகளின் பக்கமும் ஆகாது. அங்கே சிக்கல் வேறு: காற்று புகையைத் தள்ளிவிடுவதால் அடிக்க வேண்டியபோது தாமதமாக அடிக்கும்.

சமைக்கவில்லை, ஆவி இல்லை. நள்ளிரவில் முழு அலாரமும் அடித்து, தானாக நின்றுவிட்டது. பேயா?

பேயைப் பிறகு பார்ப்போம். முதலில் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். பிளக் பாயின்ட்டுகள், சார்ஜரில் கிடக்கும் போன், ஃபிரிட்ஜின் பின்பக்கம், கருகிய வாடை. அலாரம் அடித்தால் நிஜம் என்று எடுத்துக்கொண்டு ஆரம்பிப்பதுதான் ஒழுங்கு.

நான்கு நான்காக அடித்திருந்தால் விஷயமே வேறு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தேடிக்கொண்டிருக்காமல் எல்லாரையும் எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு போய், அங்கிருந்து அவசர உதவிக்கு அழையுங்கள். வீட்டில் ஒருவருக்கு மேல் தலைவலி, குமட்டல் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

தீ இல்லை என்று உறுதியாகிவிட்டதா? அப்படியானால் சந்தேகப் பட்டியலில் முதலிடம் பூச்சிக்கு. சிலந்தி வலை பின்ன அந்த இருட்டறை மிக வசதியான இடம். ஒளி போகும் பாதையில் அது குறுக்கே நடந்தாலே சென்சார்மேல் வெளிச்சம் சிதறும். அடுத்தது தூசி; வீட்டில் சுவர் உடைப்பது, மரம் இழைப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது என்று ஏதாவது வேலை நடந்திருந்தால் நிச்சயம். பக்கத்தில் அடித்த ஸ்ப்ரேயும் காரணமாகலாம். சுத்தம் செய்தும் திரும்பத் திரும்ப வந்தால், பெரும்பாலும் வயதான கருவியாக இருக்கும்.

எல்லா அலாரமும் ஒன்றோடொன்று இணைந்தவை. ஒன்று கத்தினால் எல்லாம் கத்துகின்றன. ஆரம்பித்தது எது?

பொதுவாக முதலில் புகையை உணர்ந்த கருவியின் சிவப்பு விளக்கு வேகமாக மினுக்கும், மற்றவற்றில் மினுக்காது. ஹஷ் பட்டனையும் அதில் அழுத்தினால்தான் பலன். சில மாடல்களில் எல்லாம் அடங்கிய பிறகும் ஒரு விளக்கு அடையாளம் காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே எரிச்சலில் எல்லாவற்றையும் ரீசெட் செய்வதற்கு முன் ஒரு சுற்று நடந்து பார்த்துவிடுங்கள். ஒன்றை மாற்றும்போது, ஏற்கெனவே உள்ளவற்றோடு இணையும் என்று தயாரிப்பாளர் சொல்லும் மாடலாகவே வாங்குங்கள்.

எப்படிச் சுத்தம் செய்வது?

வேக்வம் கிளீனரில் மென்மையான பிரஷ் முனையைப் பொருத்தி, ஓரத்தில் சுற்றிவர இருக்கும் துவாரங்கள்மேல் மெதுவாக ஓட்டுங்கள். கிட்டத்தில் போய்ப் பார்த்தால் அந்த வரித்துளைகளில் சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல் ஒரு விளிம்பு கட்டியிருக்கும், அதற்குள் ஒரு வலை இழையும் தொங்கும். அதை எடுத்தாலே பல "பேய் அலாரங்கள்" நின்றுபோகும். வெளிப்பக்கத்தை ஈரம் பிழிந்த துணியால் துடைக்கலாம். உள்ளே தண்ணீர், சோப்பு, ஸ்பிரிட் எதுவும் கூடாது. பெட்டியைப் பிரிக்கவும் கூடாது. வருடத்துக்கு இரண்டு முறை போதும்.

சுவருக்கு வண்ணம் அடிக்கும்போது அலாரத்தின் மேலேயும் ஒரு பூச்சு அடித்துவிடும் வழக்கம் சிலருக்கு உண்டு. துவாரம் அடைந்துபோகும், அதைச் சுத்தம் செய்ய வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். வேலை முடியும்வரை கழற்றி வைத்துவிட்டு அன்று மாலையே திரும்ப மாட்டுங்கள்.

டெஸ்ட் பட்டன் அழுத்தினால் கத்துகிறது. அது போதுமா?

மாதம் ஒருமுறை அழுத்துங்கள், அது அவசியம். பேட்டரி, சர்க்யூட், சத்தம் போடும் பகுதி மூன்றும் உயிரோடு இருக்கின்றன என்று அது சொல்லும். வெளியிலிருந்து வரும் புகை துவாரங்கள் வழியாக உள்ளே போய்ச் சேருமா என்பதைச் சொல்லாது. அதற்கென்றே டெஸ்ட் ஸ்ப்ரே விற்கிறார்கள். உங்கள் மாடலுக்கு அதை அனுமதித்திருந்தால் பயன்படுத்தலாம். தீக்குச்சி, மெழுகுவர்த்தி கொளுத்திக் காட்டுவது வேண்டாம்: பிளாஸ்டிக் உருகும், கரி உள்ளே படியும், சோதனை செய்யப்போய்த் தீயையே வைத்த பெருமை வந்து சேரும்.

10 வருடம் என்பது வியாபாரத் தந்திரமா?

நானும் பொதுவாக "காலாவதி" என்ற பேச்சைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ஆனால் இதில் நியாயம் இருக்கிறது. வருடக்கணக்கில் தூசி, எண்ணெய்ப்பசை, ஈரம் எல்லாம் சென்சார் அறைக்குள் படிகின்றன. மின்னணு பாகங்களும் தளர்கின்றன. டெஸ்ட் பட்டனுக்குக் கத்தினாலும் புகைக்குத் தாமதமாகக் கத்தலாம். கணக்கு தயாரித்த தேதியிலிருந்து, வாங்கிய தேதியிலிருந்து அல்ல. தேதியே இல்லை, பிளாஸ்டிக் மஞ்சளடித்திருக்கிறது என்றால் அதைப் பழசு என்றே வைத்துக்கொள்ளுங்கள். "10 வருட பேட்டரி" என்று சீல் செய்து வருபவற்றில் பேட்டரியை மாற்றவே முடியாது. கீச் வந்தால் கருவியையே மாற்ற வேண்டும்.

எத்தனை வேண்டும், எங்கே மாட்டுவது?

ஒவ்வொரு படுக்கையறைக்குள்ளும் ஒன்று, படுக்கையறைகளுக்கு வெளியே ஒன்று, மாடிக்கு மாடி குறைந்தது ஒன்று. புகை மேலே ஏறும் என்பதால் சீலிங்தான் சிறந்தது. சுவரில் மாட்டினால் சீலிங்கிலிருந்து 30 சென்டிமீட்டருக்கு மேல் கீழே இறங்க வேண்டாம். சுவரும் சீலிங்கும் சேரும் மூலையை ஒட்டியும் வைக்காதீர்கள், அங்கே காற்று தேங்கும். சமையலறைக்குள்ளேயே ஒன்று வேண்டும் என்றால் வெப்ப அலாரம் இருக்கிறது. பல மாடல்கள் ஏறக்குறைய 57 டிகிரி செல்சியஸில் அடிக்கும். ஆனால் அது ஸ்மோக் அலாரத்துக்குக் கூடுதல்தான், மாற்று இல்லை.

சமையல் எரிவாயு கசிந்தால் இது அடிக்குமா?

அடிக்காது. அதற்கு வேறு சென்சார். சிலிண்டரில் வரும் எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும்; ஆகவே அந்தக் கருவியைக் கீழே மாட்டுவார்கள்.

உள்ளே கதிரியக்கப் பொருள் என்கிறீர்கள். ஆபத்து இல்லையா?

அயனி ரகத்தில் மட்டும்தான் அது, அதுவும் ஒரு மைக்ரோகிராமில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அது வெளிவிடும் ஆல்ஃபா கதிரை ஒரு தாளே தடுத்துவிடும். காற்றில் சில சென்டிமீட்டர் தாண்டாது. சீலிங்கில் மாட்டியிருக்கும்வரை கவலை இல்லை. பிரித்து நோண்டாதீர்கள், எரிக்காதீர்கள், அவ்வளவுதான். அமெரிசியம்-241-இன் அரை ஆயுள் ஏறக்குறைய 432 வருடம் என்பதால், அலாரத்தின் ஆயுள் முடிந்தாலும் அது அப்படியேதான் இருக்கும். தூக்கிப்போடும் முன் தயாரிப்பாளர் திரும்ப எடுத்துக்கொள்கிறாரா, உங்கள் ஊர் விதி என்ன என்று கேட்டுவிடுங்கள்.

வீட்டில் வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இந்தச் சத்தத்துக்கு எழுந்துகொள்வார்களா?

எழாமல் போகலாம், இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 3 மீட்டர் தூரத்தில் 85 டெசிபெல் என்பது நல்ல சத்தம்தான். ஆனால் சாதாரண அலாரம் உயர்ந்த சுருதியில் ஒலிக்கிறது, வயதாகும்போது காது முதலில் இழப்பதும் அந்தச் சுருதிகளைத்தான். 520 ஹெர்ட்ஸில் தாழ்வாக ஒலிக்கும் அலாரங்கள் இவர்களை இன்னும் நன்றாக எழுப்புகின்றன. காது கேளாதவர்களுக்குப் பளிச்சிடும் விளக்கும், தலையணைக்கு அடியில் அதிரும் கருவியும் கிடைக்கின்றன. சின்னப் பிள்ளைகள் ஆழ்ந்த தூக்கத்தில் அலாரத்தைத் தாண்டியும் தூங்குவார்கள். அவர்களை யார் தூக்கிக்கொண்டு போவது, வெளியே எங்கே கூடுவது என்று முன்பே பேசி வைத்து, ஒருமுறை நடந்தும் பாருங்கள்.

ரீசார்ஜ் பேட்டரி போடலாமா?

ஸ்டிக்கரில் அனுமதித்திருந்தால் தவிர வேண்டாம். 9 வோல்ட் அளவில் வரும் பல ரீசார்ஜ் பேட்டரிகள் உண்மையில் 8.4 வோல்ட்தான் தரும், சும்மா இருக்கும்போதே கசிந்து குறையும், தீரும்போது சட்டென்று தீரும். கீச்சிட்டு எச்சரிக்கும் கால அவகாசமே போய்விடும்.

கழற்றிய பழைய 9 வோல்ட் பேட்டரியை என்ன செய்வது?

இரண்டு முனையும் ஒரே பக்கத்தில் அருகருகே இருப்பதால், சாவிக்கொத்தோ நாணயமோ குறுக்கே பட்டாலே ஷார்ட் ஆகிச் சூடாகும். பக்கத்தில் காகிதம் இருந்தால் பற்றிக்கொள்ளவும் கூடும். முனைகள்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். அதுவரை டிராயரில் வைப்பதானாலும் டேப் ஒட்டியே வையுங்கள்.